பாத்திரம் அதிர்ந்தால் மட்டும் பேஸ் ஆகிவிடாது

சோமனூர்ப் பக்கம் தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு அதிர்வு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் தறிக்குடோன், எட்டுத் தறி. நாடா அடிக்கிற சத்தம் காதுக்கு வரும். சட்டம் அதிர்வது தரை வழியாக உள்ளங்காலில் ஏறும். காதைப் பொத்தினாலும் இரண்டாவது நிற்காது. ஹோம் தியேட்டரில் நான் தேடுவது அந்த இரண்டாவதைத்தான்.

பேஸ், அதாவது தாழ்ந்த சத்தம், அதற்கென்றே உள்ள 12 அங்குல சப்வூஃபர் ஸ்பீக்கரோடு 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வாங்கி மூன்று வருடம் ஆகிறது. கோயம்புத்தூரில் ஒரு கடையில் சண்டைக் காட்சி ஒன்றை அலறவிட்டுக் காட்டினார்கள். கண்ணாடிக் கதவே ஆடியது. "ஏனுங்ணா, இதுக்கு மேல என்ன பேஸ் வேணும்?" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து மாட்டினால் வெடிகுண்டும் தும், கதவு சாத்துவதும் தும். அம்மாவின் அட்டாலிப் பாத்திரங்கள் மட்டும் நன்றாக ஆடின.

பாதிக் குற்றம் என் ஹாலுடையது. நீளம் 16 அடி, நான்கு பக்கமும் சுவர், கீழே டைல்ஸ். 16 அடி நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது நொடிக்கு 35 அதிர்வு உள்ள தாழ்ந்த சத்தத்தின் அலை சுவருக்குச் சுவர் மோதித் தேங்கும். நட்ட நடுவில் உட்கார்ந்தால் அந்தச் சுரமே காணாமல் போகும், பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அது மட்டும்தான் கேட்கும். நான் சோபாவை டிவி சுவரிலிருந்து பத்தரை அடியில் போட்டேன். அப்புறம் சப்வூஃபரைத் தூக்கி சோபா மேலேயே வைத்து ஒரு பேஸ் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாக முட்டி போட்டுத் தவழ்ந்து கேட்டுப் பார்த்தேன். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே சீராகக் கேட்டதோ அங்கே சப்வூஃபரை இறக்கினேன். மூலையிலிருந்து 5 அடி தள்ளி அமைந்தது. எதிரொலிக்கு எங்கள் தறியில் ஓடும் காடாத் துணியையே மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, உள்ளே ராக்வுல் என்கிற சத்தம் உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சு மாதிரியான கனிமப் பஞ்சை வைத்துச் சுவரில் மாட்டினேன். இரண்டு அங்குலத் தடிமனுள்ள இந்தச் சட்டம் பேஸை ஒன்றும் செய்யாது. ஆனால் பின் ஸ்பீக்கர்களில் வரும் சின்னச் சத்தங்கள் பளிச்சென்று பிரிந்தன.

இதற்கப்புறம்தான் படங்களை நியாயமாக எடை போட முடிந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை, தறி நிற்கிற நாளில் மட்டும்.

ஆழத்துக்கு நான் முதலில் போடுவது எட்ஜ் ஆஃப் டுமாரோ, 2014. கதை தொடங்குவதற்கு முன்பே, தயாரிப்பு நிறுவனங்களின் சின்னங்கள் வரும்போதே, மிகத் தாழ்ந்த அதிர்வுகள் வரும். 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்குகிற சத்தம் அது. காதில் பெரிதாக எதுவும் விழாது. அறையின் காற்றே கனத்து, நெஞ்சில் கை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். முதல்முறை போட்டபோது அடுக்களையிலிருந்து அம்மா வந்து, "ஏஞ்சாமி, ஞாயித்துக்கெழமை ஆரு தறி ஓட்டறது?" என்று கேட்டார். இதைவிடப் பெரிய பாராட்டு அந்த டிஸ்க்குக்கு வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: உங்கள் சப்வூஃபர் காற்றுக் குழாய் வைத்த பெட்டி என்றால் அந்த இடத்தில் வால்யூமைக் குறைத்து வையுங்கள். குழாய் தாங்கும் எல்லைக்குக் கீழே போனால் கூம்புக்குப் பிடிமானம் இல்லாமல் அடித்துக்கொள்ளும்.

சரவுண்டுக்கு, அதாவது சத்தம் நம்மைச் சுற்றி வருவதற்கு, கிராவிட்டி, 2013. இது சத்தத்தைப் பற்றி யோசித்து எடுத்த படம். விண்வெளியில் காற்றில்லை, சத்தம் போக வழியில்லை. அதனால் வெளியே நடக்கும் மோதல்களுக்கு வெடிச்சத்தமே வைக்கவில்லை. நாயகி கையால் எதைப் பிடிக்கிறாளோ அதன் அதிர்வு உடை வழியாக, உடம்பு வழியாகக் கேட்பதுபோல் மந்தமாக வருகிறது. காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற தறிச் சட்டத்தில் கை வைத்துப் பாருங்கள், அதேதான். அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேச்சும் அப்படி. வசனம் என்றால் நடு ஸ்பீக்கர்தான் என்று பழகியவர்கள் நாம். இதில் ஆள் மிதந்து போகிற பக்கமெல்லாம் குரலும் போகிறது, பின்னால் போய் மறுபக்கமாக வருகிறது. ஐந்து ஸ்பீக்கரின் அளவும் சரியாக ஒத்திருந்தால் குரல் வழுக்கிக்கொண்டு நகரும். ஒன்று குறைந்திருந்தாலும் அங்கே குழியில் விழுந்ததுபோல் தொலையும். எனக்கு இடது பின் ஸ்பீக்கர் குறைவாக இருப்பது இந்தப் படத்தில்தான் தெரிந்தது.

ஆனால் ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் எடுப்பது மாஸ்டர் அண்ட் கமாண்டர். 2003-ல் வந்த படம், ஒலித்தொகுப்புக்கு ஆஸ்கர் வாங்கியது. வெறும் 5.1-தான். தொடக்கத்தில் மூடுபனி, கடல், கப்பல் மரம் முனகுவது, எங்கோ கயிறு உரசுவது. எல்லாம் அவ்வளவு மெதுவாக இருக்கும், நாமே மூச்சை அடக்கிக் கேட்போம். பனிக்குள் மின்னல்போல் வெளிச்சம் தெரிந்து, அப்புறம்தான் குண்டு வந்து விழுகிறது. பலகை பிளந்து சிராய்கள் தலைக்குப் பின்னால் சிதறுகின்றன. குண்டின் அடி சட்டென்று வந்து சட்டென்று நிற்கிறது, இழுக்கவில்லை. முந்தைய அமைதி இல்லாவிட்டால் அந்த அடிக்கு இந்த பலம் கிடையாது.

நம் படங்களில் இதுதான் எனக்குக் குறை. தொழில்நுட்பத்தில் நாம் பின்தங்கியவர்கள் இல்லை. தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் டால்பி அட்மாஸ் முறை உலகுக்கு அறிமுகமான 2012-லேயே சிவாஜி 3டி அட்மாஸில் வந்தது. அடுத்த வருடமே விஸ்வரூபம் அதேபோன்ற இன்னொரு முறையான ஆரோ 3டியில் வந்தது. ஆனால் அண்மையில் நான் பார்த்த பல மாஸ் படங்களில் பின்னணி இசை தொடங்கினால் நிற்பதே இல்லை. நாயகன் நடந்தாலும் இடி, கார்க் கதவைச் சாத்தினாலும் இடி. மைக் வைத்து அளந்தால் எல்லாம் 50 ஹெர்ட்ஸ் பக்கமே குவிந்து கிடக்கிறது. 30-க்குக் கீழே ஒன்றுமில்லை. தியேட்டரில் அது கைதட்டல் வாங்கலாம், வீட்டில் அரைமணி நேரத்தில் தலைவலி. ஸ்ட்ரீமிங்கில் ஒலியைச் சுருக்கிவிடுகிறார்கள் என்று பலர் சொல்வார்கள். டிஸ்க்கில் உள்ள ஒலியோடு ஒப்பிட்டால் சுருக்கம்தான், உண்மை. ஆனால் அதே ஸ்ட்ரீமிங்கில் நன்றாகக் கலந்த படம் நன்றாகவே கேட்கிறது. குறை, வசனம், இசை, சத்தங்களை ஒன்றாகச் சேர்க்கிற ஒலிக் கலவையில்.

புதிதாக செட் வாங்குகிறவர்கள் கடைக்குப் போகும்போது மாஸ்டர் அண்ட் கமாண்டர் டிஸ்க்கைக் கையில் கொண்டுபோங்கள். அந்த மூடுபனிக் காட்சியைப் போடச் சொல்லுங்கள். முதல் குண்டு விழுவதற்கு முன்னால் மரம் முனகுவது உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் பணத்தை எடுக்காதீர்கள்.