வயல் வெயிலுக்கு முழுக்கைச் சேட்டா, சன்கிறீமா?

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிச் சிறுபோக நெல் செய்கிற ஆக்களுக்கு நான் முதலில் சொல்வது முழுக்கைச் சேட்டுத்தான். மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் புற ஊதாக்கதிர் கூடுதலாக உள்ளே போகும். நெருக்கமாக நெய்த கடும் நிறத் துணி நல்லது.

சன்கிறீம் முகத்துக்கும் கழுத்துக்கும் உதவும். ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திரும்பப் பூசவேண்டும். களை பிடுங்குகிற சேற்றுக் கையோடு அது எங்கே நடக்கும்?

விசயம் தோல் சிவப்பதோடு முடியவில்லை. கதிர் பட்ட தோற்கலங்களின் டி.என்.ஏ. பழுதாகிறது. அவை ஐ.எல்.-6, டி.என்.எஃப். போன்ற சமிக்ஞைப் புரதங்களை விடுகின்றன, அழற்சி எழுகிறது. கூடவே ஐ.எல்.-10 என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதம் வந்து நோயெதிர்ப்பை அடக்குகிறது. தோலில் காவல் நிற்கும் நோயெதிர்ப்புக் கலங்களான லாங்கர்கான்ஸ் கலங்களும் தோலைவிட்டு விலகுகின்றன. அந்த இடைவெளியில் பழுதான கலம் தப்பிப் பெருகலாம். 1992-இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சூரியக் கதிர்வீச்சைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்திவிட்டது.

கறுத்தத் தோலுக்கு ஆபத்துக் குறைவு. அறவே இல்லை என்றில்லை. சிறுநீரகம் மாற்றி, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுக்கிறவர்களுக்குத் தோற்புற்று ஆபத்து பல மடங்கு. அவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு: சேட்டு, அகலத் தொப்பி, கிறீம் மூன்றும் வேண்டும், உச்சி வெயிலில் வயல் வரம்பில் நிற்கவே கூடாது.