சென்ட்ரிங்கா, ஷீட் வேலையா? வேலூர்ப் பக்கம் கூரைத் தொழிலுக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ முடித்த அக்கா மகன் போன வாரம் வீட்டுக்கு வந்து, "மாமா, சென்ட்ரிங் செட்டுல சேரட்டுமா, இல்ல உங்ககூட ஷீட் வேலைக்கு வரட்டுமா?" என்று கேட்டான். அக்காவுக்கு முகமே மாறிவிட்டது. எனக்கு சந்தோஷம்தான். காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரைக்கும் 14 வருடமாக ஷெட் போடுகிறேன், அதற்கு முன்னால் 3 வருடம் சென்ட்ரிங்கில் முட்டு தூக்கியிருக்கிறேன், அதனால் இரண்டையும் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. சென்ட்ரிங் என்றால் கான்கிரீட் தளம் ஊற்ற அடியில் பலகையும் முட்டும் கொடுப்பது, ஷீட் வேலை என்றால் இரும்புச் சட்டம் அடித்து அதன் மேல் தகர ஷீட் கூரை போடுவது.

வேலை கிடைப்பதை மட்டும் பார்த்தால் சென்ட்ரிங்தான். வீடு கட்டுகிற எவரும் தளம் போட்டே ஆக வேண்டும். பலகை அடிப்பது, மட்டம் பார்ப்பது, கம்பி கட்டுவது எல்லாம் கூட்டத்தோடு சேர்ந்து செய்கிற வேலை என்பதால் ஒரு வருடத்தில் கை பழகிவிடும். சிக்கல் மேஸ்திரி ஆக நினைக்கும்போதுதான் வரும். தளம் போட்ட மறுநாள் முட்டுகளைப் பிடுங்கி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தாங்கலுக்குத் தாங்கல் நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது, நம் பக்கம் பயந்துகொண்டு இன்னும் கூடவே விடுவார்கள். ஒரே சமயம் மூன்று வீடு எடுத்தால் மூன்று வீட்டுக்கும் தனித்தனியாகச் சாமான் வேண்டும், சொந்தமாக வாங்கவும் காசு, வாடகைக்கு எடுத்தாலும் நாளுக்கு நாள் காசு. 20 வருடம் வேலை தெரிந்தும் கூலிக்காரராகவே நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குத் திறமை குறைவு இல்லை.

ஷீட் வேலைக்கு வெல்டிங் மிஷின், கிரைண்டர், ட்ரில், நல்ல ஏணி, இரண்டு ஆள் இருந்தால் போதும், சின்னதாகத் தனியே தொடங்கிவிடலாம். வேலையும் இருக்கிறது: ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷெட்டுகள், ஆரணிப் பக்கம் அரிசி ஆலை, மாட்டுக் கொட்டகை. இதெல்லாம் போக, வேலூர் வெயிலுக்குப் பயந்து மொட்டைமாடியில் ஷெட் போடாத தெரு இப்போது குறைவு. 3 கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் கொடுப்பதால் மாடியில் உயரமாக ஸ்டாண்டு அடிக்கவும் ஆள் தேடுகிறார்கள்.

ஆனால் ஷீட்டைப் பரப்பிவிட்டால் கூரை ஆகிவிடாது. தண்ணீர் உள்ளே வராமல் இருப்பதுதான் தொழில். வாட்டம், அதாவது தண்ணீர் வடிகிற சரிவு, சரியாக இருக்க வேண்டும். மழை அடிக்கிற பக்கத்துக்கு எதிரிலிருந்து ஷீட்டை அடுக்கிக்கொண்டு வந்தால்தான் ஒரு ஷீட் மேல் இன்னொன்று ஏறுகிற மேல்மடிப்பின் வாய் காற்றுக்கு முதுகைக் காட்டும். ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலைக்குக் கீழும் ஒரு கருப்பு ரப்பர் வாஷர் இருக்கும். இறுக்கும்போது அந்த ரப்பர், மேலே இருக்கிற உலோகத் தொப்பியின் ஓரத்துக்கு லேசாக எட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மிஷின் சத்தம் கனக்கும் நொடியில் விரலை எடுக்கத் தெரியாவிட்டால் ரப்பர் பிதுங்கிவிடும், நம் வெயிலில் சீக்கிரமே வெடிக்கும், அப்புறம் ஒழுகும். கிரைண்டரில் அறுத்த இரும்புப் பொடியை ஷீட் மேலேயே விட்டுவிட்டு இறங்கினால் ஒரு மழையில் துருப் புள்ளி விழும், பெருக்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும். இதையெல்லாம் எனக்கு ஒரு மேஸ்திரி திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தார்.

ஆபத்து என்று பார்த்தால் ஷீட் வேலைதான் மோசம், இதை மறைக்கக் கூடாது. என் சித்தப்பா மகன் பழைய சிமெண்ட் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் ஒன்றை மாற்றப் போய், நடு ஷீட்டில் கால் வைத்து, அப்படியே உடைந்து கீழே விழுந்தான். இடுப்பு எலும்பு போனது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் மேல் போல்ட் வரிசையில்தான் கால் வைக்க வேண்டும், அதிலும் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். உலர்ந்த நிலையில் அறுக்கவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். பாதுகாப்பு பெல்ட் கொடுக்காத செட்டில் ஒரு நாளும் ஏறாதீர்கள். கத்திரி வெயிலில் காலை 11 மணிக்கு மேல் ஷீட்டில் கை வைக்க முடியாது, 6 மணிக்கே தொடங்கிவிட வேண்டும். 18 வயது ஆனதும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துவிடுங்கள், இது சென்ட்ரிங் வேலைக்கும் பொருந்தும்.

சரி, ஷீட் வேலை என்றே முடிவாகிவிட்டது என்றால், நேராக மேஸ்திரியிடமா, ஐ.டி.ஐ.க்கா? நான் நேராகப் போனவன். அன்றைக்கே கூலி வந்தது, ஆனால் வெல்டிங் பிடிக்கவிட 2 வருடம் ஆனது, அதுவரை ஷீட் தூக்குவதும் டீ வாங்குவதும்தான். வெல்டர் பிரிவு ஐ.டி.ஐ.யில் ஒரு வருடம். அப்துல்லாபுரத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னும் 1,000. சர்டிபிகேட் இருந்தால் ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் கேட்டுப் பார்க்கலாம், உயரம் ஒத்துவராது என்று பின்னால் தெரிந்தாலும் கம்பெனிக் கதவு திறந்திருக்கும். வாட்டமும் ஸ்க்ரூவும் அங்கே சொல்லித்தர மாட்டார்கள், அதற்கு எப்படியும் மேஸ்திரியிடம் வந்தாக வேண்டும். என் ஓட்டு முதலில் ஐ.டி.ஐ., அப்புறம் கூரை.

அக்கா மகன் விண்ணப்பம் போடச் சம்மதித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்கூட வருகிறான். இன்னும் மேலே ஏற விடவில்லை, கீழே நின்று ஷீட்டைக் கயிற்றில் கட்டி அனுப்புகிறான்.