நெல்லைச் சீமையில் கல் தேட: ஆறா, குவாரியா, கடற்கரையா?

பாறைகளையும் கனிமங்களையும் தேடிப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்குத் திருநெல்வேலி வட்டாரத்தில் ஆற்றுப்படுகை, கல்குவாரி, கடற்கரை, தேரி எனப்படும் செம்மணல் மேடு என நான்கு வகை இடங்கள் இருக்கின்றன. மணலின் நிறத்தைக் கண்டு பெரும்பாலோர் முதலில் கடற்கரைக்கே போகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் ஆற்றுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, அங்குள்ள பாறை வகைகளை உருட்டிக்கொண்டு வந்து சமவெளியில் போட்டுவிடுகிறது. அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையில், தண்ணீர் வற்றிய சித்திரை, வைகாசியில், கரையோரக் கூழாங்கல் திட்டுகளில் பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு காலைப்பொழுதிலேயே மூன்று நான்கு வகைக் கற்களைப் பிரித்தறியப் பழகிவிடலாம். வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) எளிதில் கண்ணில் படும். கத்தியால் கீறினாலும் அதில் கோடு விழாது. கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாக இருக்கும் நைஸ் பாறையில் மிளகளவு செம்புள்ளிகள் தெரிந்தால் அவை பெரும்பாலும் கார்னெட் என்ற சிவப்புக் கனிமம். எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் பச்சை கலந்த கருஞ்சாம்பல் கல், சார்னோகைட். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கொல்கத்தாக் கல்லறைக்கல் சென்னைப் பகுதியிலிருந்து போன இவ்வகைக் கல் என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரையே இப்பாறைக்குச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில் அது பரவலாகக் கிடைக்கும் பாறை. கல்லை நனைத்துப் பார்ப்பது முக்கியம். உலர்ந்த கல்லின் மேற்பரப்பு உண்மையான நிறத்தை மறைத்துவிடும்.

ஆற்றுக்கும் எல்லை உண்டு. பாபநாசத்துக்கு மேலே 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது. கீழ்ப்பகுதியிலும் அணைகளில் தண்ணீர் திறப்பதை விசாரித்துக்கொண்டே படுகையில் இறங்க வேண்டும். 2023 டிசம்பரில் வந்ததைப் போன்ற பெருவெள்ளம் கூழாங்கல் திட்டுகளைப் புரட்டிப் போட்டுவிடும் என்பதால், பழகிய இடத்தையும் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் புதிதாகப் பார்க்கலாம். ஆற்றின் ஒரே பெரிய குறை, கல் எந்த மலையிலிருந்து வந்தது என்பதை அது சொல்லாது.

அந்தக் குறையைத் தீர்ப்பது குவாரி. அங்கே பாறை புதிதாக உடைந்து, எந்தக் கனிமம் எதை ஒட்டி வளர்ந்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். பாறையை ஊடறுத்துச் செல்லும் பெக்மடைட் என்ற பெரும்படிகப் பாறை நரம்புகளில் இளஞ்சிவப்பு பெல்ட்ஸ்பார் கனிமமும் காக்காப்பொன் தகடுகளும் பெரிய படிகங்களாகக் கிடைக்கக்கூடும். ஆனால் குழிக்குள் இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்ததை இவ்வூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீடு கட்டுமிடத்தில் கொட்டியிருக்கும் ஜல்லிக் குவியலை, உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பார்த்தாலே குவாரி தரும் அறிவில் பாதி கிடைத்துவிடும்.

திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தின் சுண்ணாம்புக்கல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல் என்றதும் புதைபடிவம் இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆளாகிப் படிகமாக மாறிய கல் அது. அதில் சிப்பியின் சுவடு எதுவும் எஞ்சியிராது. உதிர்ந்து கிடக்கும் துண்டில் வினிகர் விட்டால் நுரைப்பதையும், கத்தியால் எளிதில் கீற முடிவதையும் சோதித்துப் பார்க்கலாம். ஆற்றில் எடுத்த வெங்கச்சங்கல்லோடு அதை ஒப்பிடுவது நல்ல பாடம்.

புதைபடிவத்துக்குக் கடற்கரைதான் வழி. திருச்செந்தூரிலும் மணப்பாட்டிலும் சுண்ணத்தால் இறுகிய மணற்பாறை கடலோரத்தில் வெளிப்பட்டு நிற்கிறது; அத்தகைய கரையோரப் பாறைகளில் சிப்பித் துண்டுகள் பதிந்திருப்பதைக் காணலாம். புவியியல் கணக்கில் இவை மிக இளையவை. அரியலூர்ப் பக்கத்தில் டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலப் படிவுகளில் கிடைக்கும் அம்மோனைட்டுகளை (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடல் உயிரிகளை) இங்கே தேடக் கூடாது. இரு ஊர்ப் பாறைகளும் வழிபாட்டிடங்களை ஒட்டியவை என்பதால் சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கேமராவோடு மட்டும் போவதே முறை.

உவரிப் பக்கத்துத் தாது மணல் கண்ணுக்கு விருந்து என்பதை மறுக்கவில்லை. அலை, அடர்த்தி 2.65 (தண்ணீருக்கு 1) உள்ள குவார்ட்ஸ் மணலை அள்ளிக்கொண்டு போக, ஏறத்தாழ 4 உள்ள கார்னெட்டும் அதைவிடக் கனமான இல்மனைட் என்ற கறுப்புத் தாதுவும் சிவப்பும் கறுப்புமான பட்டைகளாகக் கரையில் தங்கிவிடுகின்றன. இவற்றோடு, கதிரியக்கம் உள்ள தோரியம் அடங்கிய மோனசைட் என்ற கனிமமும் கலந்திருக்கும். கடற்கரைக் கனிமங்களை அள்ளுவதற்கு மாநில அரசு 2013இல் தடை விதித்தது. ஆகவே நினைவுக்காக ஒரு பாட்டில் மணல் என்றுகூட எடுக்க வேண்டாம். பார்ப்பதற்கு இது முதல் தரமான இடம். சேகரிப்பதற்கு இடமே இல்லை.

சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துத் தேரிகளில் கனிம வகை குறைவு. இரும்பு ஆக்சைடு பூசிய குவார்ட்ஸ் மணல்தான் அங்கே பெரும்பாலும் உண்டு. ஆனால் அந்தச் செம்மணலில் மனிதர் செய்த நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. செர்ட் என்ற கடினமான நுண்மணிக் கல்லிலும் குவார்ட்ஸிலும் செதுக்கிய அவற்றைப் பற்றி 1956இல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் விரிவாக எழுதினார்கள். கூரிய விளிம்புள்ள சிறு சில்லு ஒன்று மணலில் தென்பட்டால் அதைப் பைக்குள் போடாமல், கிடந்த நிலையிலேயே படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கிடந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டால் அந்தச் சில்லைக் கொண்டு ஆய்வாளர் அறியக்கூடியது மிகவும் குறைந்துவிடும்.