கேனானிக்கல் சரிபார்க்க கூகுள் சர்ச் கன்சோல்: எங்கே கைகொடுக்கும், எங்கே விடும்

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் கடை வைத்துக்கொண்டு ஷாப்பிஃபையிலும் புடவை விற்கும் நம் ஆட்களுக்கு கூகுள் சர்ச் கன்சோல் (நம் தளத்தைக் கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் கருவி) கட்டாயம் வேண்டும். ஷாப்பிஃபை என்ற ஆன்லைன் கடைத் தளத்தில் ஒரே புடவைக்கு ‘கலெக்‌ஷன்ஸ்’ வழியாக ஒரு முகவரி, ‘ப்ராடக்ட்ஸ்’ வழியாக ஒன்று, வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது யூடிஎம் வால் (எங்கிருந்து ஆள் வந்தார் என்று கணக்கெடுக்க முகவரியின் கடைசியில் சேர்ப்பது) ஒட்டிய இன்னொன்று. இவற்றில் எது அசல் என்று சொல்வதுதான் கேனானிக்கல் டேக். கூகுள் அதைச் சிபாரிசாகத்தான் எடுத்துக்கொள்ளும், கட்டளையாக அல்ல. நாம் எழுதிய டேகைக் காட்டப் பல கருவிகள் உண்டு. கூகுள் எதை ஏற்றது என்று கூகுளே சொல்வது இங்கேதான். அதுவும் இலவசம்.

சர்ச் கன்சோலில் மேலே உள்ள பெட்டியில் பக்கத்தின் முழு முகவரியை ஒட்டுங்கள். ‘பேஜ் இண்டெக்ஸிங்’கை விரித்தால் ‘யூசர் டிக்ளேர்ட் கேனானிக்கல்’, ‘கூகுள் செலெக்டட் கேனானிக்கல்’ என்று இரண்டு வரிகள்: முதலாவது நாம் சொன்ன அசல், இரண்டாவது கூகுள் தேர்ந்தெடுத்த அசல். இரண்டும் ஒத்துப்போனால் விட்டுவிடலாம். முதல் வரியில் ‘நன்’ என்று வந்தால் டேக் கூகுள் கண்ணில் படவே இல்லை. பக்கத்தின் சோர்ஸ் கோடில் டேக் இருக்கிறது, ஆனாலும் இப்படி வருகிறது என்றால், கோடின் தொடக்கத்தில் உள்ள ஹெட் பகுதியைப் பாருங்கள். டேகுக்கு மேலே யாராவது ஒரு இமேஜ் டேகையோ ஐஃப்ரேமையோ செருகியிருந்தால் ஹெட் அங்கேயே முடிந்துவிடும். கேனானிக்கல் அதற்கு அடுத்த ‘பாடி’ பகுதிக்குள் விழும், கூகுள் அதை மதிக்காது. விளம்பரக் கணக்குக்கான பிக்செல் கோடு ஒட்டும்போது இது அடிக்கடி நடக்கிறது.

கடையின் தீம் ஒரு டேக், எஸ்இஓ ஆப் (தேடலில் முன்னே வர உதவும் ஆப்) வேறு முகவரியோடு இன்னொரு டேக் போட்டால் இரண்டுமே வீண். நகல் பக்கத்தை ரோபாட்ஸ் ஃபைலில் (தேடுபொறி எங்கே வரக்கூடாது என்று சொல்லும் கோப்பு) தடுத்தாலும் அப்படித்தான்: உள்ளே வர முடியாத கூகுள் டேகை எப்படிப் படிக்கும்?

‘ஆல்டர்னேட் பேஜ் வித் ப்ராப்பர் கேனானிக்கல் டேக்’ என்ற தலைப்பைப் பார்த்துப் பதற வேண்டாம், டேக் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

குறை என்றால், ‘டெஸ்ட் லைவ் யூஆர்எல்’ கூகுளின் தேர்வைக் காட்டாது. திருத்திய பிறகு மறுபடி கூகுள் வந்து போகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு முகவரிதான் பார்க்க முடியும். ஏபிஐ வழியாக, அதாவது நிரல் எழுதி, கேட்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு தளத்துக்கு நாளொன்றுக்கு 2,000 முகவரி. மொத்தமாக டேகுகளை அலச தளம் முழுக்கச் சுற்றிப் பார்க்கும் ஸ்க்ரீமிங் ஃப்ராக் மென்பொருளின் இலவசப் பதிப்பு உதவும், ஆனால் 500 முகவரியோடு நின்றுவிடும். நிறம், விலை ஃபில்டர்களால் முகவரிகள் பெருகும் கடைக்கு அது பத்தவே பத்தாது.