நெஞ்சுக் கட்டியில் சதை எடுக்க: ஊசியா, குழாயா?

அண்ணாச்சி, ஸ்கேனில் நுரையீரலில் தெரியும் கட்டி காசநோயா புற்றுநோயா என்று உறுதிசெய்யச் சதை எடுக்கச் சொன்னால், வழி இரண்டு. சி.டி. ஸ்கேன் பார்த்து விலாவுக்கு நடுவே ஊசி விடுவது ஒன்று. அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தால் போதும். விலாவை ஒட்டிய கட்டிக்கு இதுவே நல்லது. ஆனால் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசியலாம்.

மற்றது, வாய்வழியே மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாயை விட்டு, ஸ்கேன் படத்தையே வரைபடமாக வைத்துக் கட்டியைத் தேடிப் போவது. பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பார்கள். 2025-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 10 முதல் 30 மி.மீ. கட்டிகள் என்னவென்று கண்டறிவதில் குழாய் ஊசிக்குச் சளைக்கவில்லை. காற்றுக் கசிவோ ஊசியில் சுமார் 28 சதவீதம், குழாயில் 3.

வருஷக்கணக்கில் பீடி குடித்து நுரையீரல் தளர்ந்த முக்கூடல்காரருக்கு, கட்டி ஆழத்தில் இருந்தால், நான் குழாயைத்தான் சொல்வேன். பாளையங்கோட்டையில் வசதி இல்லையென்றால் மதுரைக்குப் போனாலும் தகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் எந்த வழியானாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.