தனி ஆளாகத் தொழில்: புரொப்ரைட்டர், ஓபிசி, எல்எல்பி, எது யாருக்கு?

தனியாகத் தொழில் தொடங்குகிறவர்கள் ஆடிட்டரிடம் போனதும் எதில் வரி குறையும் என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: தொழில் நொடித்துப்போனால் பணம் கேட்டு யார் வருவார்கள்? சரக்குக் கொடுத்தவரா, நஷ்ட ஈடு கேட்கும் வாடிக்கையாளரா, கடன் கொடுத்த பேங்க்கா? கம்பெனி பதிவு உங்களுக்கு உதவுமா, வீண் செலவா என்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

புரொப்ரைட்டர் என்றால் கம்பெனி எதுவும் இல்லாமல் தன் பெயரிலேயே தொழில் நடத்துபவர். அவருக்கென்று தனிப் பதிவு கிடையாது. உங்கள் பான் எண்தான் தொழிலின் பான் எண். ஆதாரை வைத்து, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவைக் காசு செலவில்லாமல் நீங்களே போட்டுக்கொள்ளலாம். தேவைப்பட்டால் ஜிஎஸ்டி எடுத்து, இரண்டையும் காட்டி கரன்ட் அக்கவுண்ட் திறந்தால் வேலை முடிந்தது. ஜிஎஸ்டி வரம்பு சேவைக்கு ஆண்டுக்கு 20 லட்சம், தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு 40 லட்சம். பிடிக்கவில்லை என்றால் ஜிஎஸ்டியை ரத்து செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம், யாருக்கும் ஆண்டறிக்கை கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் தொழிலும் நீங்களும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். தொழிலுக்காக வாங்கிய கடன் உங்கள் கடன், தொழில் மேல் போடும் வழக்கு உங்கள் மேல் போடும் வழக்கு. வீடு, மனை, சேமிப்பு எல்லாம் அதற்குள் வந்துவிடும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. புரொப்ரைட்டர் இறந்துபோனால் தொழிலும் அங்கேயே நின்றுவிடுகிறது. குடும்பம் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்து, புது ஜிஎஸ்டி எண் வாங்கி, பேங்க் பணத்தை மீட்டு, அதற்குள் வாடிக்கையாளர் பாதிப் பேர் வேறு இடம் பார்த்திருப்பார்கள்.

இனி ஓபிசி (ஒன் பெர்சன் கம்பெனி), அதாவது ஒரே ஒருவர் மட்டும் பங்குதாரராக இருக்கும் கம்பெனி. ஜே.ஜே. இரானி குழு 2005இல் பரிந்துரைத்து, 2013 கம்பெனிச் சட்டத்தில்தான் இது இந்தியாவுக்கு வந்தது. அதுவரை சட்டம் குறைந்தது இரண்டு பேரைக் கேட்டதால் அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ ஒரு பங்கைப் போட்டு அவர்களையே இயக்குநராகவும் ஆக்கிவிடுவது வழக்கம். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் தோல் பூட்ஸ் செய்த ஆரன் சாலமன் செய்ததும் இதுதான்: அங்கே சட்டம் ஏழு பேரைக் கேட்டது, அவர் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்கு கொடுத்து எண்ணிக்கையை நிரப்பினார். கம்பெனி வேறு, ஆள் வேறு என்று பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது அவர் வழக்கில்தான்.

பெயருக்கு ஒருவரை இயக்குநர் ஆக்குவது வெறும் சம்பிரதாயம் இல்லை, அதில் எனக்குக் கோபமே உண்டு. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் அந்தக் கம்பெனியின் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். 2017இல் மத்திய அரசு இப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தகுதி நீக்கம் செய்தது. எங்கே கையெழுத்துப் போட்டோம் என்றே தெரியாத வீட்டுப் பெண்களை இந்தச் சிக்கலில் கொண்டுபோய் நிறுத்துவது நியாயமே இல்லை. ஓபிசியில் இந்தத் தேவை இல்லாமல் போகிறது. ஒரு நாமினியின் சம்மதம் மட்டும் வேண்டும், அவர் இயக்குநர் அல்ல, நீங்கள் இருக்கும்வரை அவருக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. உங்களுக்கு ஏதாவது ஆனால் பங்கு அவருக்குப் போய், அதே பான், அதே ஜிஎஸ்டி எண்ணுடன் கம்பெனி தொடரும்.

2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நன்றாகவே தளர்ந்தன. 2 கோடி டர்ன்ஓவர் தாண்டினால் கட்டாயம் பிரைவேட் லிமிடெட்டாக மாற வேண்டும் என்பது போய்விட்டது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் இந்தியக் குடிமகனும் தொடங்கலாம், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவருக்கு மட்டும் வழி இல்லை. ஒருவருக்கு ஒரு ஓபிசிதான்.

பதிவு ஆன்லைனில் ஸ்பைஸ் பிளஸ் படிவத்தில் நடக்கிறது, பான், வரிப் பிடித்தத்துக்கான டான் எண் எல்லாம் அதிலேயே வந்துவிடும். குறைந்தபட்ச மூலதனம் என்று எதுவும் இல்லை. பதிவுக்கு ஆகும் செலவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், வருடா வருடம் ஆவதைப் பாருங்கள். விற்பனை ஒரு ரூபாய்கூட இல்லாவிட்டாலும் தணிக்கை கட்டாயம். பதிவான 180 நாளுக்குள் மூலதனத்தைக் கம்பெனி அக்கவுண்ட்டில் போட்டு, தொழில் தொடங்கியதாக அறிவிக்க வேண்டும், தவறினால் ஓபிசிக்கு 25,000 ரூபாய் வரை அபராதம். நிதியாண்டு முடிந்த 180 நாளுக்குள் கணக்கைத் தாக்கல் செய்யும் ஏஓசி-4 படிவம், அப்புறம் ஆண்டறிக்கைப் படிவமான எம்ஜிடி-7ஏ. தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. இரண்டையும் ஒரு வருடம் மறந்தால் 73,000 ரூபாய். ஆண்டுப் பொதுக்கூட்டம் வேண்டாம், ஒரே இயக்குநர் என்றால் போர்டு மீட்டிங்கும் வேண்டாம் என்பது மட்டும் ஆறுதல்.

இத்தனையும் செய்தால் சொத்துக்குப் பாதுகாப்பு கிடைக்குமா? சரக்குக் கொடுத்தவர்களிடமிருந்தும், ஒப்பந்தப்படி நஷ்ட ஈடு கேட்கும் வாடிக்கையாளரிடமிருந்தும் கிடைக்கும், கம்பெனிப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒன்றாகக் கலக்காமல் இருந்தால். பேங்க்கிடமிருந்து பெரும்பாலும் கிடைக்காது. ஒற்றை ஆள் கம்பெனிக்குக் கடன் என்றால் அந்த ஒற்றை ஆளின் தனிப்பட்ட ஜாமீனைக் கேட்பார்கள், கையெழுத்துப் போட்ட அந்த நிமிடமே கம்பெனி என்கிற மறைப்பு அந்தக் கடனுக்கு இல்லாமல் போகிறது. இப்படி ஜாமீன் கொடுத்தவர்கள் மேல் திவால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2021இல் லலித் குமார் ஜெயின் வழக்கில் சொல்லிவிட்டது. கம்பெனியிடம் வசூலிக்க முடியாத ஜிஎஸ்டி, வருமான வரி பாக்கியும் இயக்குநர் தலைக்கு வரும், தன் அலட்சியம் காரணமில்லை என்று அவர் நிரூபித்தால் தவிர. ஆகவே கடன் முழுக்க பேங்க் கடன்தான் என்றால், சொத்தைக் காப்பதற்காக ஓபிசி போடுவதில் பெரிய பலன் இல்லை.

வரிக்கு ஓர் உதாரணம். ஓர் இன்டீரியர் டிசைனருக்கு வருடத்துக்கு 40 லட்சம் வரவு, 10 லட்சம் செலவு என்று வையுங்கள். புரொப்ரைட்டராக இருந்தால் உத்தேச வருமான முறையில் வரவில் பாதியை, அதாவது 20 லட்சத்தை, வருமானமாகக் காட்டினால் போதும். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் வரி 2.08 லட்சம். ஓபிசிக்கு இந்த வசதி இல்லை. மிச்சம் 30 லட்சத்தையும் சம்பளமாக எடுத்தால் 4.76 லட்சம் வரி, அதற்கு மேல் தணிக்கைச் செலவு. கம்பெனியிலேயே லாபத்தை விட்டால் சாதாரண விகிதத்தில் 26 சதவீதம், பின்னால் டிவிடெண்டாக எடுக்கும்போது மறுபடியும் வரி. லாபத்தை மெஷினிலும் ஆட்களிலும் திரும்பப் போடுகிறவருக்கு 26 சதவீதம் கட்டுப்படியாகும், ஏனென்றால் 24 லட்சத்துக்கு மேல் தனிநபருக்கு 31.2 சதவீதம். எடுத்துச் செலவழித்து வாழ்கிறவருக்கு ஆகாது.

எல்எல்பி (லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப்), அதாவது பங்காளிகளின் பொறுப்புக்கு வரம்பு இருக்கும் கூட்டு நிறுவனம், அதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். விற்றுமுதல் 40 லட்சத்தையும் பங்காளிகள் போட்ட பங்களிப்பு 25 லட்சத்தையும் தாண்டாதவரை அதற்குக் கட்டாயத் தணிக்கை இல்லை, லாபத்தில் வரி கட்டியபின் பங்காளிக்கு வரும் பங்குக்கு மறுபடி வரியும் இல்லை. ஆனால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் விலகியோ இறந்தோ ஆறு மாதத்துக்கு மேல் தெரிந்தே ஒற்றை ஆளாக நடத்தினால், அதன் பிறகு ஏற்படும் கடனுக்கு நீங்களே சொந்தப் பொறுப்பு. உண்மையான கூட்டாளி இருந்தால் எல்எல்பியை விட நல்லது இல்லை. கூட்டாளியை உருவாக்கி எல்எல்பி போடாதீர்கள்.

முதலீட்டாளர் வருவார் என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஓபிசியைத் தாண்டி நேராக பிரைவேட் லிமிடெட்டுக்குப் போய்விடலாம், ஏனென்றால் இரண்டாவது பங்குதாரர் வரும் நாளில் எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

என் கணக்கில், மொபைல் ஆப் செய்து கொடுப்பவர், உணவுப் பொருள் தயாரித்து விற்பவர், பெரிய நிறுவனங்களோடு நஷ்ட ஈட்டு ஷரத்து போட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் இவர்களுக்கு ஓபிசி சரி. டியூஷன், டிசைன், மொழிபெயர்ப்பு, கணக்கு எழுதுவது போன்ற வேலைக்குப் புரொப்ரைட்டராகவே இருங்கள். ஓபிசி எடுப்பதாக இருந்தால் மூடும் செலவையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: பெயரை நீக்கக் கோரும் படிவத்துக்கே 10,000 ரூபாய் கட்டணம், பாக்கியிருக்கும் ஆண்டறிக்கைகளைத் தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்த பிறகே அதையும் போட முடியும்.