ஓதம் ஏறிய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு: ஒரு மழைக்காலத்துக்குப் பின்

மன்னார்குடியில் நாங்கள் குடியிருக்கும் ஓட்டு வீடு மூன்று தலைமுறை கண்டது. ஐப்பசி பிறந்தாலே அதன் மேற்கு அறைச் சுவரில் ஓதம் இடுப்பளவுக்கு ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து படுக்கையில் உதிரும். அந்த அறையில்தான் அம்மா படுப்பார். மூச்சிரைப்பு உள்ள அவர், மழைக்கால இரவுகளில் பாதியைக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தார். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுவதை, நாங்கள் வீட்டிலேயே கண்டோம்.

முன்பு ஒரு நிறுவனத்தார் சிமென்ட் பூசி, மேலே நீர்புகாப் பூச்சும் அடித்துக் கொடுத்தார்கள். ஒரே மழைக்காலத்தில் அது கொப்புளித்துப் போனது. ஈரம் வற்றாத வண்டல் மண்ணிலிருந்து செங்கல் நீரை உறிஞ்சி ஏற்றிக்கொண்டே இருக்க, வெளியேறும் வழியைச் சிமென்ட் அடைத்துவிட்டதால் ஓதம் இன்னும் உயரே போயிற்று. சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும்.

சென்ற பங்குனியில், பழைய வீடுகளில் வேலை பார்க்கும் கொத்தனார் குழு ஒன்றை அழைத்தோம். செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, 3 வாரம் காயவிட்டு, 15 நாள் ஊறிய சுண்ணாம்பில் ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசினார்கள். பெரியவர் கலவையைக் கரணையில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, அது விழாமல் ஒட்டி நின்ற பிறகே சுவரில் கை வைத்தார். அந்தப் பொறுமைக்காகவே இவர்களைப் பரிந்துரைப்பேன்.

குறைகளும் உண்டு. கூலி சிமென்ட் பூச்சைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சியே சுண்ணாம்பு இறுகும் என்பதால், மாதக்கணக்கில் சுவரில் ஆணி அடிக்க முடியவில்லை. கிணற்றடித் தண்ணீர் சுவரோரம் தேங்குவதை அவர்கள் கவனிக்கவில்லை. நானே வாய்க்கால் வெட்டி வடித்தேன். அதைச் செய்யாமல் பூச்சை மட்டும் நம்ப வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு நிறம் மங்கியதே தவிர, உப்புப் பூக்கவில்லை. மருத்துவர் தந்த மருந்தை அம்மா நிறுத்தவில்லை. ஆனால் நாற்காலியைத் தேடாமல் தம் கட்டிலிலேயே விடியும்வரை தூங்கினார். மாசியில் அடுக்களைச் சுவருக்கும் இதே குழுவை வரச்சொல்லியிருக்கிறேன்.